இருபத்தொரு குழிகள்

நட்ட கல்லை எடுக்க வேண்டும் என்பது காமினிக்குத் தெரியாது. வயது முப்பத்தாறு. மெல்பர்னில் கட்டடக்கலை படித்தவள். பினாங்கில், ஜார்ஜ் டவுனில் சொந்த அலுவலகம், சுவரில் இரண்டு விருது. இத்தனை இருந்தும் இது தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாதுதான். ஆனால் அவர்கள் யாரும் ஊர் பார்க்கக் கடற்கரையில் கல் நடவில்லை.

அறுபது வருடங்களுக்கு முன்பு பட்டர்வொர்த் பக்கமிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு தொங்காங் வந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு சுமக்கும் பெரிய மரப்படகைத்தான் அப்படிச் சொல்வார்கள். நடுக்கடலில் அது கவிழ்ந்தது. துறைமுகத் தொழிலாளிகள் இருபத்தொரு பேர் செத்தார்கள். பதினைந்து பேர் இந்துக்கள், ஆறு பேர் முஸ்லிம்கள், எல்லோரும் தமிழர்கள். உடல் ஒன்றும் கிடைக்கவில்லை. கரை ஒதுங்கியது நாலைந்து தோள்துண்டுகளும் ஒரு தூக்குவாளியும்தான்.

படகின் முதலாளி, தமிழ் முஸ்லிம்கள் கடை வைத்திருக்கும் சூலியா தெருக்காரர். அவருடைய பேரன் ஷேக் அலாவுதீன், எழுபதைத் தாண்டியவர், கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஒரு குழு அமைத்தார். செத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் வைப்பது என்று முடிவானது. வடிவமைப்புக்குப் போட்டி வைத்தார்கள். காமினி ஜெயித்தாள்.

அவள் வரைந்தது இதுதான். வெல்ட் கீ கரையோரம், கடல் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு கருங்கல் மேடை. அதில் இருபத்தொரு குழிகள், குழிக்கு ஒரு கல், சிமெண்டு போட்டு இறுக்கியது, ஒவ்வொன்றும் ஆள் உயரம். தண்ணீர் ஏறும்போது கற்களின் கழுத்துவரை முழுகும். வற்றும்போது கால்வரை தெரியும். அவ்வளவுதான். எழுத்து இல்லை, சிலை இல்லை. விளக்கக் குறிப்பில் பெருங்கற்காலம் என்றும் நடுகல் மரபு என்றும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நடுவர்கள் அதைப் படித்துத் தலையாட்டினார்கள். கணினிப் படத்தில் சூரியன் வேறு மறைந்துகொண்டிருந்தது.

வம்பு மாதிரிக் கல்லில் ஆரம்பித்தது. நாளிதழுக்குப் படம் வேண்டும் என்று முழங்கை நீளத்தில் மூன்று கற்களைக் கரைச் சேற்றில் நட்டார்கள். நட்ட ஆட்கள் அப்போதுதான் நாசி லெமாக் தின்று முடித்திருந்தார்கள். பொட்டலத்து வாழையிலை ஒன்று காற்றில் போய்க் கற்களுக்கு முன்னால் சேற்றில் ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு கை சோறும் மிச்சம் இருந்தது. படம் எடுத்தவர் மலாய்க்காரர். இலை அழகாக இருக்கிறது என்று அதையும் சேர்த்து எடுத்தார். மறுநாள் தமிழ் நாளிதழில் வண்ணத்தில் வந்தது.

முதலில் கண்டவர்கள் கண்டதைச் சொன்னார்கள். ஒருவர் அது லிங்கம் என்றார். அரசாங்க நிலத்தில் லிங்கமா என்று இன்னொருவர் கேட்டார். சூலியா தெருவில் அதை மீஸான் கல் என்றார்கள். அடக்கம் செய்த கபரின் தலைமாட்டில் நடுகிற கல். கபரே இல்லாத இடத்தில் மீஸான் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சொத்தைப் பல் மாதிரி இருக்கிறது என்றும் யாரோ முகநூலில் எழுதினார்கள். அதற்குத்தான் லைக் அதிகம்.

"மூணு கல்லுக்கு ரெண்டு மதம், ஒரு பல் டாக்டர்," என்றான் ஸுல்கிஃப்லி. அலுவலகத்தில் அவளுடைய தொழில் கூட்டாளி, அவனும் சூலியா தெருப் பிள்ளைதான். "ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்துட்டா சண்ட முடிஞ்சிடும் லா."

காமினி சிரித்தாள். இதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம். லிங்கத்துக்கு ஒரு பதில், மீஸானுக்கு ஒரு பதில் என்று தயார் செய்துகொண்டு போனாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. லிங்கக்காரர் பேசினார், மீஸான்காரர் பேசினார், அவள் பதில் சொன்னாள், கைதட்டக்கூடச் செய்தார்கள். அப்புறம் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஒல்லியான ஆள், அறுபத்தைந்து இருக்கும், கட்டம் போட்ட சட்டை. ஒலிபெருக்கியை வாங்க மறுத்துவிட்டார்.

"எம் பேரு சுகுமாரன். அந்தப் படகுல எங்கப்பா இருந்தாரு. உடம்பு கெடைக்கல. புல்லுல உருவம் செஞ்சு கொளுத்தினாங்க. பதினாறாம் நாளு கடக்கரையில கல்லு நட்டாங்க. அதுல அப்பாவக் கூப்பிட்டு, சோறு போட்டு, எள்ளுத் தண்ணி விட்டு, அப்புறம் அந்தக் கல்ல எடுத்துக் கடல்ல போட்டோம். மூணு வயசு எனக்கு. நாந்தான் எடுத்தேன். எடுத்தாத்தான் அவரு போவாரு. எடுக்கலன்னா அங்கேயே நிப்பாரு, பசியோட." அவர் காமினியைப் பார்த்தார். "மூணு வயசுல நான் எடுத்த கல்ல நீ திரும்ப நட்டுட்டியேம்மா. இனி யாரும் புடுங்க முடியாதபடி சிமெண்டு வேற போடப் போறியாமே."



இதற்கு அவளிடம் பதில் தயாராக இல்லை. தயாராக இல்லாதவர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது. அவள் மூடவில்லை.

"அங்கிள், இது கலை. கருமாதி இல்ல. நீங்க அப்படிப் பாத்தா, அது உங்க பார்வை."

யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது பினாங்கைத் தாண்டி ஈப்போ வரைக்கும் போய்விட்டது. 'கருமாதி காமினி' என்று பெயர் வைத்தார்கள். அவள் முகத்தை வெட்டி, 'அது உங்க பார்வை' என்று கீழே எழுதி, வாட்ஸ்அப்பில் ஒட்டுவதற்குப் படமாக்கினார்கள். பேருந்து தாமதம் என்று ஒருத்தி குடும்பக் குழுவில் எழுதினால் பதிலுக்கு அந்த முகம் வந்தது. குழம்பில் உப்பு அதிகம் என்றால் அந்த முகம். காமினியின் சொந்தச் சித்தியே தவறிப்போய் அதைக் காமினிக்கு அனுப்பிவிட்டு, அழித்துவிட்டு, பிறகு கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

திங்கட்கிழமை குழுவிலிருந்து தகவல் வந்தது. குடும்பங்கள் சம்மதிக்காவிட்டால் இரண்டாம் பரிசு வடிவத்துக்குப் போய்விடுவோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும். இரண்டாம் பரிசு பெற்றது ஒரு கட்டடக் குத்தகைக்காரர் வரைந்த வடிவம். இரண்டு பெரிய கைகள், கைகளில் ஒரு படகு, சுற்றிலும் நீல விளக்கு. அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். யாரும் நின்று பார்க்கவும் மாட்டார்கள்.

அன்று அவள் அப்பாவைப் பார்க்கப் போனாள். பழனியப்பன் சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. வாசலில் காரை, அவர் பேச்சில் காடியை, கழுவிக்கொண்டிருந்தார். காலையில் நாளிதழ் படித்தாரா இல்லையா என்பது அவர் காடியைத் தேய்த்த வேகத்தில் தெரிந்தது.

"ப்பா. தாத்தா செத்தப்ப தெலுக் பஹாங் கடக்கரையில என்ன பண்ணீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"மூணு கல்லு நட்டீங்க. நான் பாத்தேன்."

அவர் குழாயை மூடினார். "நீ காடியில இல்ல இருந்த? பொம்பளப் புள்ள பாக்கக் கூடாதுன்னு உங்கம்மா கண்ணாடியில துண்டு தொங்க விட்டிருந்தா."

"துண்டு வெலகிடுச்சு."

விலகிய துண்டின் இடுக்கில் ஒன்பது வயது காமினி பார்த்தது இதைத்தான்: ஈர மணல், மூன்று கற்கள், அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கடல். மொட்டைத் தலையோடு அப்பாவும் பெரியப்பாவும் குனிந்து நின்றார்கள். அதுவரை அவள் அழவில்லை. அந்தக் கற்களைப் பார்த்ததும் தாத்தா செத்தது புரிந்தது. மெல்பர்னிலும் பினாங்கிலும் அவள் வரைந்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மூன்று கற்கள் இருந்தன. பெருங்கற்காலத்தைப் பற்றி எழுதிய இரண்டு பக்கமும் புளுகு. எல்லாமே ஒரு பழைய புரோட்டோன் காடியின் பின்சீட்டில் கிடைத்தது.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"என்னா ஆவும்? கருமாதி பண்ணின பண்டாரம் எடுன்னாரு. எடுத்தோம். இடுப்பளவு தண்ணிக்குப் போயி, முதுகுப் பக்கமா போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டோம்."

"எடுத்தத நான் பாக்கலயே."

"நீ தூங்கிட்ட. வாயத் தொறந்துக்கிட்டு." அவர் வாளியைக் கவிழ்த்தார். "பாதியில தூங்கினா இப்படித்தான். படம்னாலும் சரி, கருமாதின்னாலும் சரி."

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் துண்டு மாட்டிய அம்மாமேல், அதை இறுக்கமாக மாட்டாததற்கு இன்னும் கொஞ்சம். ஒன்று முழுசாகக் காட்டியிருக்க வேண்டும், இல்லை முழுசாக மறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பெரி என்கிற பயணிகள் படகில் பட்டர்வொர்த்துக்குப் போனாள். சுகுமாரன் வீடு அடுக்குமாடியில் நாலாவது மாடி. அவர் கதவைத் திறந்து, அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்து, உள்ளே திரும்பிச் சொன்னார்:

"கலை வந்திருக்கு."

உள்ளிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. "உள்ள வரச் சொல்லுங்க. வெயில்ல நிக்க வச்சு வீடியோ எடுத்துடப் போறாங்க."

பால் இல்லை என்று தே ஓ, வெறும் தேநீர், கொடுத்தார்கள். அவர் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர். முப்பது வருடம் கடலுக்கு மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். காமினி குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினாள்.

"எனக்கு எடுக்கணும்னு தெரியாது அங்கிள். நடறத மட்டும்தான் பாத்தேன். அதும் காடிக்குள்ள இருந்து, திருட்டுத்தனமா."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு அப்பா மூஞ்சி ஞாபகம் இல்ல," என்றார். "போட்டோவும் கெடையாது. கல்லு ஞாபகம் இருக்கு. ஈரமா, கனமா. மாமா எங்கையப் புடிச்சு எடுக்க வச்சாரு. போட்டதும், திரும்பிப் பாக்காத, திரும்பிப் பாக்காதன்னு எந்தலைய இப்படிப் புடிச்சுக்கிட்டே கரைக்கு நடந்தாரு." அவர் தன் கையைத் தன் பிடரியில் வைத்துக் காட்டினார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "அறுவது வருசமா அந்த எடத்தப் பாக்கல நான். கூண்டுல உக்காந்து கடலு முழுக்கப் பாத்திருக்கேன், அந்த எடத்த மட்டும் பாக்க மாட்டேன். ஒருநாள் காலையில பேப்பரத் தொறக்கறேன், கல்லு நிக்குது. எலையோட. சோத்தோட."

"அந்த எலை நாசி லெமாக் எலை."

"தெரியும். எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே மனைவிதான் சிரித்தார்.

வழியில் பெரியில் யோசித்து வந்ததைக் காமினி சொன்னாள். சிமெண்டு வேண்டாம். கல்லைச் சின்னதாக்கிவிடலாம், தூக்கக்கூடிய அளவுக்கு. திறப்பு அன்று குடும்பங்களே வந்து எடுத்துக் கடலில் போடட்டும். மேடையில் குழி மட்டும் நிற்கட்டும்.

"குழியப் பாக்க யாரு வருவா?" என்றார் சுகுமாரன்.

"தெரியாது."

"உனக்குப் பேரு வராது."

"இப்ப வந்திருக்கற பேரு போதும் அங்கிள்."

அதற்கு அவர் லேசாகச் சிரித்தார். பிறகு தலையை ஆட்டினார். "வேணாம். எங்கப்பா என்ன ரெண்டு தடவ செத்தாரா, ரெண்டு தடவ எடுக்க? ஒருக்கா போனவர மறுபடி கூப்பிட்டு, வா, சோறு தின்னு, போன்னு சொல்றது நல்லாவா இருக்கு? விட்டுரும்மா. அந்தக் கையையும் படகையும் வச்சுக்கட்டும். லைட்டுப் போட்டா புள்ளைங்க வேடிக்க பாக்கும்."

அவ்வளவுதான் என்று அவள் எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது சுகுமாரனின் மனைவி உள்ளிருந்து வந்து வாசற்படியில் நின்றார்.

"அந்த ஏழு பேரப் பத்திச் சொல்லலியா நீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

அவர் சொன்னார். பதினைந்து இந்துக்களில் எட்டுப் பேருக்குத்தான் இங்கே குடும்பம். மற்ற ஏழு பேர் தனி ஆட்கள். ஊரில் யார் இருந்தார்கள், தந்தி போய்ச் சேர்ந்ததா, எவருக்கும் தெரியாது. எட்டுக் குடும்பமும் கல் நட்ட அன்று அந்த ஏழு பேருக்கு நட யாரும் இல்லை. நட்டால் எடுக்க ஒரு மகன் வேண்டுமே. "எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஏழு பேரு சும்மா நின்னாங்கன்னு. ஒவ்வொரு அமாவாசைக்கும் சொல்லும். நாங்க சாப்பிடற நேரமாப் பாத்து."

காமினி ஒரு செருப்போடு நின்றாள்.

"அப்ப அந்த ஏழு பேருக்கு மட்டும் கல்லு நடலாமா?"

"நடறது யாரு வேணா நடலாம். எடுக்கறதுதான் வேல. எடுக்கறவனுக்கு அப்பன் இருக்கக் கூடாது. எடுத்தா அவன் மகன். வருசா வருசம் ஆடி அமாவாசைக்குத் தண்ணி விடணும், சாகற வரைக்கும். போட்டோவுக்கு எடுத்துட்டுப் போற சோலி இல்ல." பிறகு சொன்னார்: "ஒண்ணு நான் எடுத்துக்கறேன். மத்த ஆறுக்கு ஆளப் பாரு."

வியாழக்கிழமை சூலியா தெருக் கடையின் மேல்மாடியில் ஷேக் அலாவுதீனிடம் இதைச் சொன்னாள். ஸுல்கிஃப்லியும் கூட இருந்தான். ஷேக் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் மேசைமேல் இரண்டாம் பரிசின் மாதிரி இருந்தது, பிளாஸ்டிக்கில், சின்னதாக. நடுவில் இருந்த படகை விரலால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பாட்டனார் படகு இது," என்றார். "கொள்ளாத ஆளு ஏத்தினதாச் சொல்லுவாங்க. நான் இல்லன்னு சொல்லல, எங்க வாப்பாவும் சொல்லல. இவரு ரெண்டு கையப் போட்டு அதத் தாங்க வச்சிருக்காரு. எந்தக் கையும்மா தாங்குச்சு? திறப்பு விழாவுல இது முன்னால நின்னு நான் என்னான்னு பேசுறது?"

"எங்க ஆளுங்க ஆறு பேருக்கு என்ன பண்றது ஹாஜி?" என்று கேட்டான் ஸுல்கிஃப்லி.

"அவுங்களுக்குக் காயிப் ஜனாஸா தொழுதாச்சு, அன்னைக்கே, உடம்பு இல்லாமலே. ஒரு கொறையும் இல்ல. கல்லு வேணாம்."

"குழி?"

ஷேக் யோசித்தார். "குழி இருக்கட்டும். அதுல கடத்தண்ணி தானே நிக்கப் போவுது? அவுங்களும் அங்கதான் இருக்காங்க." பிளாஸ்டிக் படகை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "செய்ங்க."

படி இறங்கும்போது ஸுல்கிஃப்லி கணக்குப் போட்டான். ஆள் உயரக் கல் இருபத்தொன்று என்று ஆரம்பித்தது, முழங்கைக் கல் ஏழு என்று ஆகிவிட்டது. அதையும் திறப்பு அன்றே பிடுங்கிக் கடலில் போடப் போகிறார்கள். "அலமாக், காமினி. தொறக்கற அன்னைக்கே காலி பண்ற சின்னம் உலகத்துலயே இதுதான் லா. விருதுக்கு எத படம் எடுத்து அனுப்பறது?"

"குழிய எடு," என்றாள். ஆனால் அன்று வீட்டில் பழைய வரைபடத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். கழுத்துவரை தண்ணீரில் இருபத்தொரு கற்கள். நல்ல வேலை அது. அதைவிட நல்ல வேலை இனி அவள் செய்வாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதை மூடிவிட்டுக் குழிகளின் அளவை வரைய ஆரம்பித்தாள்.

ஆள் சேர்ப்பது கல் வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. முகநூலில் கொதித்தவர்கள் யாரும் வரவில்லை. லிங்கக்காரர், தனக்கு அப்பா இருக்கிறார் என்று சொல்லித் தப்பித்தார். தொண்ணூற்றிரண்டு வயது அப்பா. கடைசியில் சுகுமாரனோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள். பட்டர்வொர்த்தில் பூக்கடை வைத்திருக்கும் புவனேஸ்வரன் ஒன்று எடுக்கிறேன் என்றார். ஏழாவதுக்கு யாரையும் காணவில்லை. ஒருநாள் பழனியப்பன், கேட்காமலே, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் அப்பன் இல்ல. ஒண்ணு எம்பேருல போடு."

திறப்பு ஒரு சனிக்கிழமை காலை, நீர் வற்றிய நேரத்தில். அதிகாரிகள் பேசி முடித்தார்கள். ஷேக் அலாவுதீன் படகைப் பற்றிப் பேசினார். யார் படகு என்பதையும், எத்தனை ஆட்களுக்கான படகு என்பதையும் சேர்த்தே சொன்னார். பிறகு பண்டாரம் வந்து ஏழு கற்களுக்கும் முன்னால் இலை போட்டார். இந்த முறை இலை சும்மா பறந்து வரவில்லை.

புவனேஸ்வரன் வரவில்லை. மனைவியை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது என்று கைப்பேசியில் சொன்னார். ஆறு பேர் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஏழாவது கல்லின் முன்னால் சோறு மட்டும் இருந்தது.

பண்டாரம் நிமிர்ந்தார். "இதுக்கு யாரு?"

கூட்டத்தில் ஒன்றிரண்டு கைப்பேசிகள் உயர்ந்தன.

"கூப்பிட்டாச்சு," என்றார் பண்டாரம். "அப்படியே விட முடியாது. ஒரே ஆளு ரெண்டு எடுக்கறதும் வழக்கம் இல்ல."

காமினி முன்னால் வந்தாள். பண்டாரம் அவளைப் பார்த்துவிட்டு, பழனியப்பனைப் பார்த்தார். பொம்பளை என்பதை அவர் சொல்லவே இல்லை; அதைவிடப் பெரிய தடை ஒன்று எதிரே உட்கார்ந்திருந்தது. "அப்பன் உசிரோட இருக்கறவ எடுக்கக் கூடாதும்மா. அவருக்கு ஆவாது."

எல்லோரும் பழனியப்பனைப் பார்த்தார்கள். அவர் ஈர மணலில், சட்டையில்லாமல், மடியில் எள்ளோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்யா, இவ பண்ணினதுக்கெல்லாம் நான் சாவறதுன்னா எப்பவோ செத்திருக்கணும்," என்றார். "எடுக்கட்டும்."

சுகுமாரன் சிரித்துவிட்டார். பண்டாரமும் கொஞ்சம் சிரித்து, பிறகு காமினியை உட்காரச் சொன்னார். இறந்தவர் பெயர் கேட்டார். வேலாயுதம். ஊர்? தெரியாது. தகப்பன் பெயர்? தெரியாது.

"ஊரு தெரியலன்னா பினாங்குன்னு சொல்லு."

"பினாங்கு," என்றாள்.

சோறு வைத்தாள், எள்ளும் தண்ணீரும் விட்டாள். எடு என்றதும் எடுத்தாள். அவளே அளவு கொடுத்து வெட்டிய கல்தான். ஆனாலும் சுகுமாரன் சொன்னபடி, ஈரமாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. குழியிலிருந்து வரும்போது சேறு ஒரு சத்தம் போட்டது. ஏழு பேரும் தண்ணீருக்குள் நடந்தார்கள். இடுப்பளவில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, முதுகுப் பக்கமாகக் கற்களைப் போட்டார்கள். பிறகு மேடைப் பக்கம் பார்க்காமல், சுற்றிக்கொண்டு வேறு படிக்கட்டு வழியாக மேலே ஏறினார்கள்.

நீர் ஏற ஆரம்பித்திருந்தது. மேடைக்குள் தண்ணீர் நுழையும் சத்தம் அவளுக்குப் பின்னால் கேட்டது. குழிக்குக் குழி அது எந்த வரிசையில் நிறையும் என்று அவளுக்குத் தெரியும். சரிவைக் கணக்குப் போட்டதே அவள்தான். கடலோரத்தில் ஏழு, பிறகு நடுவில், கடைசியில் படிப்பக்கம். இருபத்தொன்றும் நிறைந்து எது யாருடையது என்று தெரியாமல் போகிற அந்த நேரத்துக்காகத்தான் மேடையே. அந்த நேரம் இப்போதுதான் தொடங்குகிறது.

"காமினி! இங்க பாருங்க! ஒரு படம்!" நாளிதழ்க்காரர் கத்தினார். "சின்னத்தப் பாத்த மாதிரி ஒண்ணு!"

பக்கத்தில் நடந்த சுகுமாரனின் கை உயர்ந்தது. அவள் பிடரியைப் பிடித்துவிடுவாரோ என்று நினைத்தாள். அவர் தன் பிடரியைத்தான் தடவிக்கொண்டார். அவள் திரும்பவில்லை.

சாலைக்கு வந்ததும், ஸுல்கிஃப்லியிடம் விட்டுவைத்திருந்த கைப்பையை வாங்கிக்கொண்டாள். பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அவன்தான் படம் அனுப்பியிருந்தான், குழிகள் நிறைகிற படம். அனுப்பிவிட்டுப் பக்கத்திலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தான்.

"போட்டோவுல பாக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

பழனியப்பன் துண்டைப் பிழிந்துகொண்டே யோசித்தார். "அப்பல்லாம் போன் இல்ல. எனக்கு எப்படித் தெரியும்?"

"பண்டாரத்தக் கேளுங்க," என்றார் சுகுமாரன்.

பண்டாரம் பின்னால், இன்னும் கரையில் இருந்தார். அவரைக் கேட்க வேண்டுமென்றால் திரும்ப வேண்டும். காமினி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். அப்பாவின் காடி எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறது என்று கேட்டாள். அவர் முன்பக்கம் கையைக் காட்டினார். ஆடி அமாவாசை அடுத்த வருடம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து வைக்க வேண்டும் என்று நினைத்தபடி நடந்தாள்.